பளிக்கறையும் பட்டாசு செட்டும்: கண்ணாடி அலங்காரத்தின் அரசியல் குறித்து

சிவகாசிப் பக்கத்து ஆளுக்குக் கண்ணாடி என்பது முதலில் தூள். தீப்பெட்டியின் பக்கவாட்டில் தடவுகிற மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித்தூள் சேர்கிறது. குச்சியின் தலை மருந்திலும் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை இவற்றோடு அது உண்டு. உரசினால் சூடு பிறக்க வேண்டும், சூடு பிறக்கக் கரடு வேண்டும், அந்தக் கரடுதான் கண்ணாடி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையை இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். உழைப்பு, சிக்கனம், துணிச்சல் என்று அந்தக் கதையாடலுக்குள் பல பண்புகள் உண்டு. கண்ணாடித்தூளுக்கு மட்டும் இடமில்லை. இதே தூள், ஏன், ஒரு சிட்டிகை மணல், பட்டாசு மருந்தில் விழுந்துவிட்டால் கதை வேறு. தீப்பெட்டிக்கு வேண்டிய உராய்வு வெடிமருந்துக்கு எமன். ஒரே பொருள் ஒரு தெருவில் மூலப்பொருளாகவும் அடுத்த தெருவில் சாவாகவும் இருக்கிறது.

இதே ஊரில் கண்ணாடிக்கு இன்னொரு பிறவியும் உண்டு. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையிலும், சாத்தூர் சாலையிலும், ஊருக்குள் பஜாரிலும் கடந்த இருபது முப்பது வருசங்களில் எழும்பிய கட்டிடங்களைப் பாருங்கள். ஜவுளிக் கடை, நகைக் கடை, அச்சகத்தின் அலுவலகம், பட்டாசு விற்பனைக் கூடம், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் முகத்தில் நீலம், பச்சை, செம்பு நிறத்தில் பளபளக்கும் கண்ணாடித் தோல். உள்ளே போனால் கூண்டுப் பூக்கள் செதுக்கிய தடுப்புக் கண்ணாடி, படிக்கட்டுக்குக் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர், பூஜை அறைக் கதவில் லட்சுமி, குளியலறைச் சன்னலில் பின்ஹெட் கண்ணாடி. கரிசல் வெயிலில் இப்படி ஒரு பெட்டியைக் கட்டி, உள்ளே விழுகிற சூட்டை இறக்க ஏ.சி.யை ஓட்டி, அதன் வெந்நீர்க் காற்றைத் தெருவில் நிற்பவன் மேல் விடுவது என்ன பொறியியல் என்று கேட்கலாம். கேட்டால் பதில் வராது. ஏனென்றால் இந்தக் கண்ணாடி வெயிலுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ வைக்கப்பட்டதில்லை. அது ஒரு குறிப்பான். எதைக் குறிக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

'அழகு, அழகில்லை' என்கிற பட்டிமன்றத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். நம் இலக்கிய நண்பர்களில் ஒரு சாரார் திண்ணையும் முற்றமும் போய்விட்டதே என்று கண்ணீர் விடுவார்கள். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. முற்றம் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. பழைய வீட்டைக் காட்டிப் புதிய வீட்டைத் திட்டுவது விமர்சனமல்ல, வாரிசுரிமைத் தகராறு.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஊடுருவிப் பார்க்கிற சன்னல் சட்டமும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டிக்கொள்வதும் கண்ணாடி. கண் + ஆடி. பழைய தமிழில் 'ஆடி' என்றாலே முகம் பார்ப்பது. ஆக, நம் மொழி பிறரைப் பார்ப்பதையும் தன்னைப் பார்ப்பதையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. முகப்புக் கண்ணாடி இந்த இரண்டையும் ஒரே தகட்டில் செய்கிறது, ஆனால் சமமாகச் செய்வதில்லை. அதன் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. பகலில் தெரு வெளிச்சமாகவும் உள்ளே மங்கலாகவும் இருக்கும்போது வெளியே நிற்பவனுக்குத் தன் முகமும் பின்னால் போகிற மினி பஸ்சும்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அவன் தெரிவான். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டதும் கணக்கு மாறிவிடும். வெளிச்சத்தில் நிற்பவர் பார்க்கப்படுகிறார், இருட்டில் நிற்பவர் பார்க்கிறார். இவ்வளவுதான் அதன் பௌதிகம். பூக்கோ சிறைச்சாலைக் கோபுரத்தை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியதை நம்மூர்க் கடைக்காரர் ஒரு ரசாயனப் பூச்சில் முடித்துவிட்டார். ராத்திரி மட்டும் ஏன் மாற்றிக்கொள்கிறார்? ராத்திரி உள்ளே காட்ட வேண்டியது சரக்கு. சரக்கோடு நிற்கிற ஆட்களும் சரக்கின் பகுதி.

இதைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மணிமேகலையின் பளிக்கறைதான் முன்னால் வருகிறது. எம்.ஏ. வகுப்பில் அந்தக் காதையை நடத்திய பேராசிரியர் அங்கே உள்ள உவமைகளை எண்ணிச் சொல்லிவிட்டு அடுத்த காதைக்குப் போய்விட்டார். உவவனத்துக்குப் பூப்பறிக்கப் போன மணிமேகலை, உதயகுமரன் தேர் வருகிற சத்தம் கேட்டுச் சுதமதி சொன்னபடி பளிங்கு மண்டபத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். அந்த மண்டபத்தைப் பற்றிச் சாத்தனார் தருகிற தொழில்நுட்ப விவரம் அபாரமானது. உள்ளிருந்து பேசினால் குரல் வெளியே வராது, உள்ளே நிற்பவரின் உடல் மட்டும் வெளியே தெரியும். தமிழில் கண்ணாடிச் சுவரைப் பற்றி இதைவிடக் கச்சிதமான வரையறையை நான் படித்ததில்லை. ஒளிந்துகொள்ளப் போனவளை அந்த இடம் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அவள் குரலைத் தடுத்து வைக்கிறது. இளவரசன் உருவத்தைப் பார்க்கிறான், உள்ளே நுழைய முடியாமல் தவிக்கிறான், கடைசியில் வருணத்தின் காவல் இல்லாதவள், விலைக்குரியவள் என்கிற ரீதியில் அவள் பிறப்பைச் சொல்லிப் பேசிவிட்டுப் போகிறான். அதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அடுத்து அவள் பேசுகிற பேச்சில் தெரிகிறது. அவளுக்குக் கேட்கிறது, அவள் சொல்வது கேட்பதில்லை. பௌத்தப் பிரதி அந்த மண்டபத்துக்குள் புத்தனின் பதும பீடிகையை வைத்திருப்பதும் தற்செயலில்லை. பார்வைக்கு இரையாகிற அதே இடம் அவளுக்குத் துறவின் வாசலாகிறது. நம் காலத்துப் பளிக்கறைகளில் பீடிகை இல்லை, கல்லாப்பெட்டி இருக்கிறது.

ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டிருக்கிற பெண்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்தோம், அவ்வளவுதான். அவர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021 இல். கேரளத்தில் 2018 இல் வந்துவிட்டது, அதுவும் அந்தப் பெண்கள் வீதியில் இறங்கிப் போராடியதால். 'அங்காடித் தெரு' படம் 2010 இலேயே ரங்கநாதன் தெருவை வைத்து இதைக் காட்டியது. இத்தனை வருசமும் கண்ணாடி ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முழுசாகக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. உடலைக் காட்டுவதாலேயே, அந்த உடலுக்குக் கால் வலிக்கும் என்பது மறைந்து போயிற்று. வெளிப்படைத்தன்மை என்கிற சொல்லை 1991 க்குப் பிறகு நம் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். அரசுக்கு வேண்டும், சந்தைக்கு வேண்டும், கட்டிடத்துக்கும் வேண்டும். கண்ணாடி அந்தச் சொல்லின் பருப்பொருள். எல்லாம் தெரிகிறதே, அப்புறம் என்ன மறைக்கிறோம் என்று அது கேட்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் பொருளுக்குப் பெரிய கனவுகள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பால் ஷேர்பார்ட் 1914 இல் கண்ணாடிக் கட்டிடக் கலை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதே வருசம் கொலோன் நகரில் புரூனோ டவுட் ஒரு வண்ணக் கண்ணாடி மண்டபம் கட்டினார். செங்கல் சுவர் போனால் மனிதனின் மூடிய மனமும் போய்விடும் என்று நம்பினார்கள். 1933 இல் வால்டர் பெஞ்சமின் அந்தக் கனவை எடுத்துக்கொண்டு, எதுவும் ஒட்டிக்கொள்ளாத இந்த வழவழப்பான பொருள் பூர்ஷ்வா வீட்டின் சொத்து மணத்துக்கு எதிரானது என்கிற பொருளில் வாதம் செய்தார். அதற்கு முன்பே தஸ்தயேவ்ஸ்கி, 1851 லண்டன் கண்காட்சியின் பளிங்கு மாளிகையை வைத்து எதிர்த் திசையில் கேட்டுவிட்டார். நாக்கைத் துருத்தக்கூட முடியாத மாளிகையில் நான் எப்படி வாழ்வது என்பது அவருடைய பாதாள மனிதனின் பயம். நான் தஸ்தயேவ்ஸ்கி கட்சி. பெஞ்சமின் சொத்து ஒட்டாது என்று நினைத்த கண்ணாடியின் மேல்தான் இன்றைக்குக் கடைப் பெயர், சாமி படம், தள்ளுபடி விகிதம், உரிமையாளர் போட்டோ எல்லாம் வினைல் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது.

கனவை விட்டுவிட்டு உற்பத்தியைப் பார்த்தால் நம் ஊர் நெருக்கமாகத் தெரியும். வெனிஸ் நகரத்து ஆட்சி 1291 இல் கண்ணாடி உலைகளை எல்லாம் ஊரைவிட்டு முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது, ஊர் தீப்பிடித்துவிடக் கூடாது என்று. பின்னால் அந்தத் தொழிலாளர்கள் ரகசியத்தோடு வெளியே போய்விடக் கூடாது என்றும் கெடுபிடி வந்தது. நெருப்பு ஊருக்கு வெளியே, பளபளப்பு ஊருக்குள்ளே. பட்டாசு செட்டுகள் காட்டுக்குள்ளும் விற்பனைக் கூடம் மெயின் ரோட்டிலும் இருக்கிற பூகோளம் எழுநூறு வருசப் பழசு. வெனிஸின் கண்ணாடி ஏகபோகத்தை உடைக்க 1665 இல் பிரெஞ்சு மன்னன் தொடங்கிய கம்பெனிதான், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்துக்கு 357 கண்ணாடிகள் கொடுத்தது. அதே செயின்ட் கோபென் 2000 இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தின் மேல், வெள்ளீயத்தின் மேல், மிதக்கவிட்டு அலையில்லாமல் தட்டையாக்குகிற இந்த முறையை 1950 களில் இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி கண்டுபிடித்தது. பழைய வீட்டுச் சன்னல் கண்ணாடியில் தெருவைப் பார்த்தால் லேசாக நெளியும், ஞாபகமிருக்கிறதா? அந்த நெளிவு போய்விட்டது. மன்னனின் கூடம் சதுர அடிக் கணக்கில் சிவகாசிக்கு வந்துவிட்டது.

வந்தது தப்பா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1899 இல் சிவகாசி எரிந்ததற்குக் காரணம் ஒரு கோயிலுக்குள் போய்ப் பார்க்கிற உரிமை. கமுதி கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908 இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. கருவறையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு சமூகம் மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டியது. 1931 இல் இதே விருதுநகரில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பார்வை மறுக்கப்பட்டவர்கள் கண்ணாடியை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குத் தெற்கே ஒரு மகத்தான முன்னுதாரணமும் உண்டு. அய்யா வைகுண்டர் (1809-1851) வழியில், சாமிதோப்பின் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். தலைப்பாகை கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்டவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடி முன் நிற்கிறான். அவனுக்குத் தெரிவது அவனே. கேரளத்தில் நாராயண குரு 1927 இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். வடலூரில் வள்ளலார் 1872 இல் ஏழு திரைகளுக்குப் பின்னால் கண்ணாடி வழியாக ஜோதியைக் காட்டினார். இவை கட்டிடக் கண்ணாடிகள்தான், அலங்காரமும்தான். ஆனால் இவற்றில் கண்ணாடி ஒரு பூசாரியை வேலையை விட்டு நீக்குகிறது. ஸ்ரீரங்கத்துக் கண்ணாடி அறையில் பெருமாள் தன்னைத்தானே பல மடங்காகப் பெருக்கிக்கொள்கிறார். சாமிதோப்புக் கண்ணாடியில் பனையேறி ஒருவன் தன்னைப் பெருக்கிக்கொள்கிறான். இரண்டும் ஒன்றல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் மாலை சூடி முகம் பார்த்ததாகச் சொல்லப்படுகிற கண்ணாடிக் கிணறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சாமிக்குப் போக வேண்டியதை ஒரு பெண் முதலில் தன் உடலில் வைத்துப் பார்த்தாள், அதுவும் தண்ணீரில்.

ஆகவே கண்ணாடி முகப்பை வெறும் பணத்திமிர் என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. அதில் 1899 க்குப் பதில் சொல்கிற குரல் ஒன்று இருக்கிறது. 'உள்ளே வராதே' என்று சொல்லப்பட்டவர்கள் இப்போது உள்ளே இருக்கிறார்கள். என் விமர்சனம் அந்தப் பதில் எங்கே போய் நின்றது என்பதைப் பற்றியது. சாமிதோப்பின் கண்ணாடி, முன்னால் நிற்கிறவனுக்கு அவனைத் திருப்பிக் கொடுத்தது. முகப்புக் கண்ணாடியும் தெருவில் நிற்கிறவனுக்கு அவனைத் திருப்பித்தான் கொடுக்கிறது. ஆனால் 'நீ உள்ளே இருப்பவன் இல்லை' என்பதற்கு அடையாளமாக. வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது கைவிரலில் அலுமினியப் பொடியின் வெள்ளிப் பளபளப்போடு அந்தக் கண்ணாடியில் தெரிகிற பெண், பெரும்பாலும் தலித் பெண் அல்லது நிலமில்லாத வேறு சாதிப் பெண். ஒரு காலத்து ஒடுக்கப்பட்டவரின் வெற்றி இன்னொருவருக்குச் சுவராவது இந்திய வரலாற்றில் புதிதல்ல. ஆனால் அது கண்ணாடியில் நடக்கும்போது சுவர் என்றே தெரிவதில்லை.

இந்த அலங்காரத்தைச் செய்கிற கை யாருடையது? விருதுநகரில் ஒரு பட்டறையில் சில மாலைகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டி, அதில் மயிலையோ அன்னத்தையோ வரைந்து, பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் கம்ப்ரசர் காற்றோடு மணலை அடிக்கிறார்கள். மணல் பட்ட இடம் பனிபோல வெளுக்கும். முன்பெல்லாம் ஆசிட் வைத்துத் தின்ன விடுவதுதான் அதிகம். பட்டறைக்காரர் சொன்னார்: "மயிலுக்கு ஒரு ரேட்டு, லட்சுமிக்கு ஒரு ரேட்டு அண்ணாச்சி. மயிலு தோகை ஒண்ணு ரெண்டு பிசகுனா யாருக்கும் தெரியாது. லட்சுமி மூக்கு பிசகுச்சுன்னா கண்ணாடி நம்ம தலையில." டிசைன் யார் தருவது என்று கேட்டேன். "வீட்டுக்காரங்க செல்லுல கொண்டாருவாக. அதுக்கு முன்னாடி காலண்டர்தான்." கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சாகி வீடு வீடாய்த் தொங்கிய சாமிகள் இப்போது கண்ணாடியில் நிறமில்லாமல், வெள்ளை நிழலாக நிற்கிறார்கள். ஒரு காலத்தில் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைக் காலி செய்ததில் அச்சுப் படத்துக்குப் பங்குண்டு. கண்ணாடியின் பின்பக்கத்தில், கடைசியாகத் தீட்ட வேண்டிய நகையையும் கண்ணையும் முதலில் தீட்டி, பின்னணியைக் கடைசியில் பூசுகிற தலைகீழ்க் கலை அது. இப்போது அச்சுப் படம் மறுபடி கண்ணாடிக்குத் திரும்பியிருக்கிறது. ஓவியன் திரும்பவில்லை, மணல் அடிக்கிறவன் வந்திருக்கிறான்.

மணலால் ஆனதை மணலால் அறுப்பது கேட்க நன்றாக இருக்கிறது. நுரையீரலுக்கு அப்படி இல்லை. இப்படி மணல் அடிக்கும்போது பறக்கிற நுண் சிலிக்கா தூசி சிலிக்கோசிஸ் கொடுக்கும், அதற்கு மருந்து கிடையாது. பிரிட்டனில் 1949 லேயே இந்த வேலைக்கு மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்துவிட்டது. நான் பார்த்த பட்டறையில் முகத்துக்கு ஒரு ஈரத் துண்டு. 1988 இல் மத்திய அரசு குழந்தைத் தொழிலாளர் திட்டத்துக்கு என்று முதலில் எடுத்த ஒன்பது இடங்களின் பட்டியலில் தீப்பெட்டிக்காகச் சிவகாசியும் கண்ணாடிக்காக உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்தும் இருந்தன. அரசாங்கத்தின் காகிதத்தில் மட்டும் இந்த இரண்டு நெருப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. நம் கட்டுரைகளில் அப்படி உட்காரவில்லை.

செட்டிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, பக்கத்து மாவட்டம் என்பதால். பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல் என்று சுற்றுலாக்காரர்கள் பட்டியல் போடுகிற அந்த வீடுகளில் எனக்குப் பிடித்தது ஆத்தங்குடிக் கல்தான். அதன் மினுமினுப்புக்கு மெருகு மிஷின் எதுவும் இல்லை. ஒரு கண்ணாடிச் சட்டத்தின் மேல் நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே காரையைப் போட்டு அழுத்தி, காய்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடி தன் வழவழப்பைத் தரைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விடும். கண்ணாடியே இல்லாத கண்ணாடி அலங்காரம். இதை ரசித்து எழுதுகிறேன், தெரிகிறது. ரசிக்காமல் விமர்சனம் எழுத முடியும் என்று நான் நம்பவில்லை.

நிறத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது, இந்த ஊரில் நின்றுகொண்டு. வண்ணக் கண்ணாடிக்கு நிறம் தருவது உலோகங்கள்: கோபால்ட் நீலம், இரும்பு பச்சை, மாங்கனீசு ஊதா, செம்பு ஒரு பக்குவத்தில் நீலப்பச்சை, இன்னொரு பக்குவத்தில் ரத்தச் சிவப்பு. வாணவேடிக்கைக்கும் உலோகங்கள்தான்: ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம், சோடியம் மஞ்சள். சோடியமும் மணலும்தான் சாதாரணச் சன்னல் கண்ணாடியின் உடம்பே. ஒன்று நெருப்பில் பிறந்து உறைந்த நிறம், மற்றது நெருப்பிலேயே எரிந்து போகிற நிறம். உறைந்த நிறத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், எரிகிற நிறத்தை மூன்று விநாடி பார்க்கலாம். இரண்டிலும் நிறம் கொடுத்தவர் தெரிவதில்லை. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது டெல்லியின் காற்றைப் பற்றித்தான் வாதங்கள் அதிகம் நடந்தன. நுரையீரல் உள்ள நகரம் முன்னால் வந்தது. பச்சை மத்தாப்பு சுற்றிய கைக்கு மாற்று வேலை என்ன என்பது பின்னால் நின்றது. காற்றைக் கேட்பது நியாயம்தான், மறுக்கவில்லை. யாருடைய காற்று முதலில் தெரிகிறது என்பதும் ஒரு பார்வைப் பிரச்சினை.

செட்டுக்கு வருவோம். நான் போய்ப் பார்த்த எந்த செட்டிலும் கண்ணாடி இல்லை. சின்னச் சதுர அறை, ஓட ஏதுவாக வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், கதவுதான் சன்னல், வெயில்தான் விளக்கு. வெடித்தால் கண்ணாடி கத்தியாகிவிடும் என்பது காரணம். சரிதான். ஆனால் கத்தியாகாத கண்ணாடி செய்யத் தெரியாமல் இல்லை. அறுநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்த டஃபன்டு கண்ணாடி உடைந்தால் மழுங்கிய சின்னத் துண்டுகளாக உதிரும், கிழிக்காது. ஷோரூம் கதவில் இருப்பது அதுதான். வாங்க வருகிறவர் மோதிக்கொண்டாலும் காயம் படக் கூடாது என்று அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். யோசனை இல்லாமல் இல்லை, அது எந்தக் கதவு வரை வருகிறது என்பதுதான் விஷயம். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று குறைந்தது 38 பேர் செத்தார்கள், முதல் தீயைப் பார்த்து ஓடி வந்த அக்கம்பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்ததில் இருபது பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் விசாரணை, ஒவ்வொரு முறையும் 'உள்குத்தகை' என்ற சொல். லைசென்ஸ் ஒருத்தர் பேரில், செட்டை எடுத்து நடத்துவது இன்னொருத்தர், அதற்குள் அறையை எடுத்தவர் மூன்றாவது ஆள். இதுவும் ஒரு வகை முகப்புக் கண்ணாடிதான்: வெளியிலிருந்து பார்த்தால் சட்டம் தன் முகத்தையே பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கிராமங்களின் வீடுகளில் ஒரே ஒரு கண்ணாடி உறுதியாக இருக்கும். நம் பேச்சில் சட்டம் போடுவதற்கே 'கண்ணாடி போடுறது' என்றுதான் சொல்கிறோம். சாமி காலண்டர் படத்துக்குக் கண்ணாடி போடுவார்கள், கல்யாணப் படத்துக்குப் போடுவார்கள், செத்துப்போனவர் படத்துக்குப் போடுவார்கள். கண்ணாடி மேலேயே பொட்டு வைத்து, சீரியல் பல்பு சுற்றி. மாவட்டத்தின் கண்ணாடி அலங்காரம் என்று யாராவது புத்தகம் போட்டால் இதையும் ஒரு அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும். சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் இந்த இடத்தில் நாம் உருகிவிடுவது சுலபம், அதுவும் ஒரு வகை வேடிக்கை பார்ப்பதுதான். தொழிலாளிக்குக் கண்ணாடி ஆசையே கிடையாது, அது மேலே இருப்பவன் நோய் என்று ஒரு தோழர் என்னோடு வாதாடினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே பட்டறையில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்தார். பதினைந்து வருசமாக செட்டு வேலை, அரசு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், பின்பக்கம் குளியலறை எழும்பிவிட்டது. இதுவரை தட்டி மறைப்பில் குளித்த ஆள். சாம்பிள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, பின்னால் தன் கையை வைத்து, விரல் தெரிகிறதா என்று பார்த்தார். பூப்போட்டது வேண்டாம் என்று ஒதுக்கினார், அதில் ஊடே தெரிகிறதாம். மயில் வேண்டாம். பின்ஹெட் கண்ணாடியைப் பிடித்தபோது விரல் வெறும் நிழலாகிவிட்டது.

"தம்பி, இது வெளிச்சம் விடும்ல?"

"நல்லா விடும்க்கா."

"வெளிய நின்னா ஆளு தெரியாதுல்ல?"

"தெரியாது. சத்தம் வேணா கேக்கும்."

"சத்தம் கேட்டா கேக்கட்டும், நான் பாடத்தான செய்வேன்" என்று சிரித்துவிட்டு, சதுர அடி என்ன விலை என்று கேட்டார்.